பட்டறிவும் பதிவேடும்

உடலைப் பற்றிய செய்திகளிலே மனிதன் முதலில் நம்புவது தன் உடலையே. தலைவலி எத்தகையது என்பதை நூலைப் படித்து எவரும் அறிந்ததில்லை. ஆகவே, பட்டவர் சொல்லுக்குத் தமிழர் வாழ்விலே என்றும் ஒரு மதிப்பு இருந்து வந்திருக்கின்றது. 'பட்டால்தான் தெரியும்' என்பது வீட்டுக்கு வீடு வழங்கும் வாக்கு. ஆயினும் அதே வீடுகளிலேதான், 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்ற முதுமொழியும் வழங்குகின்றது. இவ்விரு வாக்குகளும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றும். உண்மையிலே மறுக்கின்றனவா, அன்றி ஒன்றன்பின் ஒன்றாக வைத்து எண்ணத்தக்கனவா என்பதை, 2020ஆம் ஆண்டு தொடங்கி உலகை வாட்டிய கொரோனாத் தொற்றையும் அதற்கெதிராக இடப்பட்ட தடுப்பூசியையும் கொண்டு ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

இலங்கையிலே இந்நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 2020 சனவரி 27ஆம் நாள், சீன நாட்டிலிருந்து வந்திருந்த பெண்மணி ஒருவரிடத்திலாகும். மார்ச்சு மாதத்திலே நாட்டவர் ஒருவருக்கும் தொற்று உறுதியாயிற்று. அம்மாதம் 20ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. இந்தியா அன்பளிப்பாக அனுப்பிய ஐந்து இலட்சம் ஊசிகளைக் கொண்டு 2021 சனவரி 29ஆம் நாள் தடுப்பூசி இடும் பணி தொடங்கிற்று. பின்னர் இந்தியாவிலேயே நோய் பெருகவே ஏற்றுமதி நின்றுபோயிற்று. முதலாம் ஊசியைப் பெற்ற இலட்சக்கணக்கானோர் இரண்டாம் ஊசிக்காக மாதக்கணக்கிற் காத்திருந்தனர். யப்பான் வழங்கிய மருந்து யூலை இறுதியில் வந்த பின்னரே அவர் குறை தீரலாயிற்று. இதற்கிடையிலே சீன நாட்டுச் சினோபாம் ஊசி மே மாதந்தொட்டுப் பெருமளவில் இடப்பட்டது. யாழ்ப்பாணத்து மக்கள் அதனை மே 30ஆம் நாள் முதலாகப் பெற்றனர். எனினும் ஓகஸ்டு மாதத்திலே டெல்ரா என்னும் திரிபு நாட்டை மூடியது. ஒரே நாளில் இருநூறுக்கு மேற்பட்ட மரணங்கள் அறிவிக்கப்பட்ட நாள்களும் உண்டு. ஓகஸ்டு 20 முதல் ஒக்டோபர் 1 வரை மீண்டும் ஊரடங்கு. உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே 5ஆம் நாள் நெருக்கடி நிலை முடிந்ததென அறிவித்தபோது, இந்நாட்டிலே உத்தியோகக் கணக்கின்படி பதினாறாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர்.

நோய் அடங்கிற்று, நோயைப் பற்றிய வாதம் அடங்கவில்லை. வடபகுதிக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். மாலை நேரத்திலே பத்திரிகை பார்க்க ஐவர் கூடுகின்றனர். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், கமக்காரர் ஒருவர், முச்சக்கர வண்டி ஓட்டும் இளைஞர் ஒருவர், சந்தையிலே புடைவை விற்கும் முஸ்லிம் வணிகர் ஒருவர், தையல் ஆசிரியை ஒருவர். பேச்சு எப்படித் தொடங்கினாலும் ஊசியிலே வந்து முடியும்.

"ஐயா, நீங்கள் இரண்டு ஊசியும் போட்டீர்கள். மூன்றாவதும் போட்டீர்கள். பிறகும் உங்களுக்கு வந்ததுதானே?" என்று இளைஞர் கேட்பார். தபாலதிபரால் மறுக்க முடிவதில்லை. ஊசி போட்ட இரவு காய்ச்சலும் உடல் உளைவும் அவரைப் படுக்கையிற் போட்டன. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தொற்றும் வந்தது. "பின்னை எதற்கடா தம்பி போட்டோம் என்று எனக்கே சில நேரம் தோன்றுகின்றது" என்பது அவர் மறுமொழி.

அவர் பட்டது முழுவதும் உண்மை. ஆனால் அதன் பொருளை அறிய, ஊசி என்ன செய்கின்றது என்பதை அறிதல் வேண்டும். நோய்க்கிருமியின் மேற்புறத்திலே முள் போன்ற புரதம் ஒன்று உண்டு. உயிரிழந்த கிருமியாகவோ, அப்புரதத்தை ஆக்கும் குறிப்பாகவோ, ஊசியானது அப்பகைவனின் அடையாளத்தை உடலுக்கு முன்கூட்டியே காட்டிவிடுகின்றது. உடல் அதற்கெனப் பிறபொருளெதிரிகளை ஆக்குகின்றது. அடையாளத்தை நினைவில் வைக்கும் கலங்களையும் ஆக்கிக்கொள்கின்றது. ஊசியிட்ட நாளிலே வரும் காய்ச்சல் பெரும்பாலும் இந்தப் பயிற்சியின் வெப்பமே. பிறபொருளெதிரிகள் மாதங்கள் செல்லச் செல்லக் குறைவன. கிருமியும் தன் வேடத்தை மாற்றுவது. 2021 நவம்பரிலே கண்டறியப்பட்ட ஒமிக்குரோன் திரிபு அவ்வாறு வெகுவாக மாறி வந்தமையால், ஊசி பெற்றவரையும் எளிதிற் பற்றியது. ஆனால் நினைவுக் கலங்கள் மறைவதில்லை. கிருமி நுரையீரலை அழிக்குமுன் அவை எழுந்துவிடுகின்றன. தலைக்கவசம் அணிந்தவன் வண்டியிலிருந்து விழமாட்டான் என்று எவரும் சொல்வதில்லை; விழுந்தாலும் மண்டை உடைவது அரிது என்பதே அதன் பயன். தபாலதிபர் நான்கு நாள் தடிமனோடும் இருமலோடும் எழுந்து வந்தார். ஊசி இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை அவர் தம் உடலைக் கொண்டு அறிய முடியாது. ஏனெனில் ஒருவருக்கு உடல் ஒன்றே. ஊசி பெற்ற தபாலதிபரையும் பெறாத தபாலதிபரையும் அருகருகே நிறுத்திப் பார்க்க வழியில்லை.

அந்த வழியை உண்டாக்கவே மருத்துவர் பலரைத் திரட்டுகின்றனர். 2020ஆம் ஆண்டிலே பைசர் நிறுவனத்தின் ஊசியை ஆராய்ந்தபோது நாற்பத்து மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இரு பகுதியாராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பகுதியார்க்கு மருந்து. மற்றைப் பகுதியார்க்கு உப்புநீர். எவருக்கு எது என்பது பெற்றவருக்கும் தெரியாது, விளைவை மதிப்பிட்டவருக்கும் தெரியாது. பின்னர் எண்ணிப் பார்த்தபோது, உப்புநீர் பெற்றாருள் 162 பேர் நோயுற்றிருந்தனர். மருந்து பெற்றாருள் எண்மரே நோயுற்றிருந்தனர். இத்தகைய ஆய்வுகளிலே சுவையான மற்றொரு செய்தியும் வெளிப்பட்டது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2022ஆம் ஆண்டிலே வெளியிட்ட கணக்கின்படி, வெறும் உப்புநீரை முதலாம் ஊசியாகப் பெற்றவர்களிலும் 35 வீதத்தினர் தலைவலி, களைப்பு முதலியவற்றை முறையிட்டனர். அவர்கள் பொய் சொன்னாரல்லர். எதிர்பார்த்து இருக்கும் உடல், எதிர்பார்த்ததை உணர்வதும் உண்டு.

கிராமத்தவரை மயக்கும் இன்னொரு கணக்கையும் இங்கே விளக்குதல் நன்று. ஆயிரம் பேர் வாழும் ஊர் ஒன்றைக் கற்பனை செய்க. அவருள் 900 பேர் ஊசி பெற்றவர்; 100 பேர் பெறாதவர். நோய் வந்தபோது பெறாதவரிலே நூற்றுக்குப் பத்துப் பேரும், பெற்றவரிலே நூற்றுக்கு இருவரும் வைத்தியசாலைக்குச் செல்கின்றனர் என்று கொள்க. இப்போது வைத்தியசாலையிலே ஊசி பெறாதவர் 10 பேர். பெற்றவர் 18 பேர். விடுதியை எட்டிப் பார்ப்பவர், 'ஊசி போட்டவர்கள்தான் கூடுதலாகப் படுத்திருக்கிறார்கள்' என்று ஊருக்கு வந்து சொல்வார். அவர் கண்டது மெய்; கொண்ட முடிவு பொய். விடுதியிலே படுத்திருப்பவரை எண்ணினால் மட்டும் போதாது. வீட்டிலே சுகமாக இருப்பவரையும் எண்ணுதல் வேண்டும்.

இனிக் கமக்காரரின் வாதத்தைக் கேட்போம். அவர் ஓர் ஊசியும் போடவில்லை. கொத்தமல்லியும் இஞ்சியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்தார். ஒன்றும் வரவில்லை. "இந்தா, உங்கள் முன்னாலே இருக்கிறேனே! இதைவிடச் சாட்சி வேண்டுமா?" என்பார். கொத்தமல்லி தொண்டைக்கு இதம் தருவது. அதனைப் பழிப்பார் எவரும் இலர். ஆனால் இந்நோயின் இயல்பு யாதெனில், தொற்றியவர்களிலே மிகப் பெரும்பாலோர் எதைச் செய்தாலும், எதையும் செய்யாவிடினும், குணமடைந்துவிடுவர்; பலர் தமக்குத் தொற்று வந்ததையே அறியார். நூறு பேரிலே தொண்ணூற்றெட்டுப் பேர் தாமாகவே எழுந்துவிடும் ஒரு நோய்க்கு எந்தக் கசாயத்தைக் கொடுத்தாலும் அதற்குத் தொண்ணூற்றெட்டுச் சாட்சிகள் கிடைப்பர். 2020 டிசம்பரிலே கேகாலை மாவட்டத்திலே ஒருவர் ஆக்கிய பாணியைப் பெறுவதற்கு ஆயிரக்கணக்கானோர் இடைவெளியுமின்றி நெருங்கி நின்றனர். அமைச்சர்களும் அதனை அருந்தினர். அருந்தியவருள் சிலர் அடுத்த சில வாரங்களிலே தொற்றுக்கு ஆளாயினர். நாடு ஒரு பாடத்தைக் கற்றது. ஆனால் அதற்கு முன்னர் வரிசையிலே நின்று தொற்றிக்கொண்டவர் எத்தனை பேரோ!

முச்சக்கர வண்டி இளைஞரின் பட்டறிவு அவருடைய உடலிலே பிறந்ததன்று; கைப்பேசியிலே வந்தது. ஊசி போட்டால் பிள்ளைப்பேறு இல்லாமற் போகும் என்று ஒரு செய்தி. ஊசியால் இரத்தம் உறையும் என்று மற்றொரு செய்தி. அயலூர்ப் பெரியவர் ஒருவர் ஊசி போட்ட மூன்றாம் நாள் மாரடைப்பால் இறந்தார் என்பது வேறொரு செய்தி. மூன்றையும் அவர் ஒரே மூச்சிற் சொல்வார். அவற்றை வேறு வேறாகப் பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவதை முதலில் எடுக்கலாம். சில வாரங்களுக்குள்ளே ஊரிலுள்ள முதியோர் எல்லாருக்கும் ஊசி இடப்படும்போது, ஊசியின்றியும் அவ்வாரங்களிலே இறக்க இருந்தவர் சிலர் ஊசிக்குப் பின்னர் இறப்பது தவிராது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை இது. எல்லா மரணமும் அவ்வாறே என்று தள்ளிவிடவும் கூடாது. அதனாலேதான் வழக்கத்துக்கு மேலாக மரணங்கள் நேர்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கின்றனர்.

இரண்டாவது செய்தி அவ்வாறு எண்ணியதனாலே மெய்யெனத் தெரிந்தது. அஸ்ராசெனெக்கா ஊசிக்குப் பின்னர் மிகச் சிலரிடத்திலே, குறிப்பாக வயதிற் குறைந்தவரிடத்திலே, ஆபத்தான இரத்த உறைவு நேர்வதை 2021 மார்ச்சிலே ஐரோப்பிய மருத்துவர் கண்டனர். இலட்சம் பேரிலே ஓரிருவர் என்ற அளவினது அது. மிக அரிதாயினும் அதனை அவர் மறைக்கவில்லை. டென்மார்க்கு ஏப்பிரலிலே அவ்வூசியைக் கைவிட்டது. பிரித்தானியா மே மாதத்திலே நாற்பது வயதுக்குட்பட்டோருக்கு வேறு ஊசியை வழங்கலாயிற்று.

முதலாவது செய்தி பொய். ஊசி பெற்றாரையும் பெறாதாரையும் ஒப்பிட்ட ஆய்வுகள் கருத்தரிப்பதிலே குறைவு எதனையும் காணவில்லை. ஆயினும் அப்பொய்யின் அருகிலே ஒரு சிறு மெய்யும் இருந்தது. ஊசிக்குப் பின்னர் மாதவிடாய் நாள் தவறுகின்றது என்று பல நாட்டுப் பெண்கள் முறையிட்டனர். முதலிலே அதனைப் பெரிதாகக் கேட்டவர் இலர். பின்னர் அமெரிக்காவிலே ஏறத்தாழ 4,000 பெண்கள் குறித்து வைத்திருந்த நாட்கணக்கை ஆராய்ந்து, 2022 சனவரியிலே முடிவை வெளியிட்டனர். பெண்கள் சொன்னது சரியே. சராசரியாக ஒரு நாளுக்கும் குறைந்த மாற்றம் உண்டு. அதுவும் விரைவிலே சீராகிவிடுவது. பட்டவர் சொல்லைக் கேளாது விட்டிருந்தால் இவ்வுண்மை தெரிந்திராது. எண்ணாது விட்டிருந்தால் அதன் அளவு தெரிந்திராது. அச்சம் மட்டுமே வளர்ந்திருக்கும்.

தடுப்பூசியின் பிறப்பே இவ்வாறுதான் நிகழ்ந்தது. மாட்டம்மை வந்தவருக்குப் பெரியம்மை வருவதில்லை என்பது இங்கிலாந்து நாட்டுப்புறத்திலே மாடு கறப்போரின் பட்டறிவு. எட்வேட் யென்னர் அதனை மூடநம்பிக்கையென்று ஒதுக்கவுமில்லை. கேட்ட மாத்திரத்திலே ஏற்கவுமில்லை. 1796 மே 14ஆம் நாள் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடத்திலே சோதித்துப் பார்த்து, மேலும் செய்திகளைத் திரட்டி, 23 பேரின் வரலாறுகளோடு 1798ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார். நான்கே ஆண்டுகளில், 1802ஆம் ஆண்டிலே, அவ்வூசி இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. பால் கறப்பவளின் சொல் விதையாயிற்று. யென்னரின் பதிவேடு அதனை விளைவித்த வயலாயிற்று.

புடைவை வணிகரின் மனக்குறை வேறு வகையினது. அவருடைய மாமனார் 2020ஆம் ஆண்டின் இறுதியிலே கொழும்பில் இந்நோயால் இறந்தார். அடக்கஞ் செய்வதற்கு அனுமதி கிடைக்கவில்லை. உடல் தகனஞ் செய்யப்பட்டது. இறந்தவரை அடக்கஞ் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும், நிலத்தடி நீர் கெடும் என்று சொல்லி, அவ்வாண்டு ஏப்பிரல் முதல் இந்நாட்டிலே தகனம் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. 2021 பெப்ரவரி இறுதியிலேதான் அக்கட்டளை நீக்கப்பட்டு, மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியிலே அடக்கஞ் செய்ய இடங்கொடுக்கப்பட்டது. அக்கட்டளைக்காக மன்னிப்புக் கோருவதென 2024 யூலையிலே அமைச்சரவை முடிவு செய்தது. வணிகர் இரண்டு ஊசிகளையும் முறையாகப் பெற்றவர். "ஊசியிலே எனக்குச் சந்தேகம் இல்லை, மாஸ்டர். சொன்ன வாயிலேதான் சந்தேகம் வந்தது" என்று அவர் தபாலதிபரிடம் சொல்லும்போது எவரும் எதிர் பேசுவதில்லை. விஞ்ஞானத்தின் பெயராலே விஞ்ஞானம் சொல்லாததைச் செய்தால், பின்னர் அது சொல்வதையும் மக்கள் ஐயுறுவர். மக்களுக்கு அறிவில்லை என்று குறை கூறுமுன் ஆட்சியாளரும் உத்தியோகத்தரும் இதனை எண்ணுதல் தகும்.

தையல் ஆசிரியை பெரும்பாலும் பேசுவதில்லை. அவருடைய தகப்பனாருக்கு வயது 74. சினோபாம் ஊசி ஊருக்கு வந்தபோது, வெளிநாட்டிலிருக்கும் மகன், "அப்பா, அதை எங்கள் நாட்டிலே ஏற்க மாட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள், பைசர் வரும்" என்று தொலைபேசியிலே சொன்னான். மகனிடம் போய் வர வேண்டும் என்னும் ஆசை தகப்பனாருக்கு. பொறுத்தார். செப்டெம்பரிலே மூச்சு முட்டி, ஒட்சிசன் வைத்தும் பயனின்றி, ஐந்தாம் நாள் இறந்தார். பெட்டியைத் திறக்கவில்லை. மகனுடைய அன்பிலே பிழையில்லை; தகப்பனாருடைய ஆசையிலும் பிழையில்லை. எந்த ஊசி மேலானது என்ற கேள்விக்கு முன்னே, இன்றைக்குக் கிடைப்பது எது என்ற கேள்வி நிற்பதை இருவரும் காணவில்லை. அக்கொடிய மாதங்களிலே இந்நாட்டில் இறந்தவரிற் பெரும்பகுதியினர் அறுபது வயதைக் கடந்தவர். இரு ஊசிகளையும் பெறாதவர்.

இந்த இடத்திலேதான் பட்டறிவின் பெருங்குறை புலனாகின்றது. சனசமூக நிலையத்திலே தபாலதிபர் பேசுகின்றார், கமக்காரர் பேசுகின்றார், இளைஞர் பேசுகின்றார். பிழைத்தவர் அனைவரும் பேசுகின்றனர். ஆசிரியையின் தகப்பனார் பேசுவதில்லை. 'நான் பொறுத்துப் பார்த்தேன். எனக்கு இப்படி நேர்ந்தது' என்று சொல்ல அவர் அங்கே வருவதில்லை. பட்டவர்களிலே மிகக் கொடிதாகப் பட்டவர் சபைக்கு வராத ஒரு விவாதத்திலே, முடிவு எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பதிவேடு என்பது வெறும் எண்களின் அடுக்கன்று. பேச வராதவருக்கும் அதிலே ஒரு வரி உண்டு. பிழைத்தவருக்கு ஒன்று என்றால் இறந்தவருக்கும் ஒன்று. உரத்துப் பேசுபவருக்கு இரண்டு இல்லை. ஊமைக்குச் சுழியும் இல்லை.

ஆயின், தனிமனிதரின் கதையாற் பயனே இல்லையோ எனின், உண்டு. அதற்குச் சோமாலியா நாட்டு அலி மாவ் மாலின் சான்று. அவர் மேர்க்கா என்னும் ஊரிலே வைத்தியசாலைச் சமையற்காரர். ஊசி நோகும் என்று அஞ்சிப் பெரியம்மைத் தடுப்பூசியைத் தவிர்த்துக்கொண்டவர். 1977 ஒக்டோபரிலே நோயாளிகளை ஏற்றிவந்த வண்டிக்கு வழிகாட்டச் சிறிது தூரம் உடன் சென்றார், நோய் பற்றிற்று. அவர் பிழைத்தார். உலகிலே இயற்கையாகப் பெரியம்மை கண்டவரிற் கடைசியானவர் அவரே. 1980 மே மாதத்திலே அந்நோய் உலகினின்றும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பிற்காலத்திலே இளம்பிள்ளைவாதத் தடுப்பு இயக்கத்திலே சேர்ந்து, ஊசிக்கு அஞ்சிய தம் கதையையே ஊர் ஊராகச் சொல்லித் தாய்மாரை இணங்கச் செய்தார்; 2013ஆம் ஆண்டிலே அப்பணியிலிருக்கையிலே மலேரியாவால் இறந்தார். அவருடைய கதை மக்களை அசைத்தது, அது ஒருவர் பட்டது என்பதனால். அவர்களை நல்வழியிற் செலுத்தியது, அது பதிவேட்டோடு ஒத்திருந்தது என்பதனால்.

ஆகவே, ஊசிக்குப் பின்னர் உடலிலே மாறுதல் கண்டவர் அதனை மறைத்தல் கூடாது. அயலவரிடம் சொல்வதோடு நில்லாது, சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையிலே சொல்லுதல் வேண்டும். எந்த ஊசி, எந்த நாள், முன்னரே இருந்த வருத்தம் யாது என்பனவற்றையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். கேட்கும் உத்தியோகத்தர் சிரித்து அனுப்பிவிடாது எழுதிக்கொள்ளுதல் வேண்டும். அரிதாக நேரும் தீங்கையும் அரசு ஒளியாது வெளியிடுதல் வேண்டும். குழந்தைப் பருவ ஊசிகளிலே இந்நாட்டு மக்கள் வைத்துள்ள நம்பிக்கை அவ்வாறு வளர்ந்ததே. ஊர் ஊராகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தரும், அவர் கையிலுள்ள பதிவேடும், தாய்மார் பேணி வைக்கும் அட்டையும் சேர்ந்தே அதனை வளர்த்தன. 1993ஆம் ஆண்டுக்குப் பின்னர் இலங்கையிலே இளம்பிள்ளைவாதம் கண்ட குழந்தை இல்லை.

பட்டால்தான் தெரியும் என்பது உண்மையே. ஆனால் தெரிவது பட்டவரின் பங்கு மட்டுமே. பலர் பட்டதைக் கூட்டி எண்ணும்போதுதான், படாமலே தப்பும் வழி மற்றவருக்குத் தெரியவருகின்றது. தீர விசாரித்தல் என்று முன்னோர் சொன்னது அதனையே.